மெயின்ஃப்ரேம் எமுலேட்டரின் புதிய பதிப்பு: எதற்காக மாறுவது, எதைக் கண்டு தயங்குவது?

இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மெயின்ஃப்ரேம் (பெருங்கணினி) பயன்பாடுகளைச் சென்னையில் இருந்தபடி பராமரிக்கும் குழுவில் பணிபுரிகிறேன். நாங்கள் அறுபது பேர். அறுபது பேரும் பத்து ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட ஒரு 3270 எமுலேட்டரில்தான், அதாவது மெயின்ஃப்ரேமின் முனையத் திரையை நம் கணினியில் காட்டும் மென்பொருளில்தான், டிஎஸ்ஓ (நிரலாளர்கள் வேலை செய்யும் சூழல்), சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) இரண்டையும் திறக்கிறோம். இப்போது எல்லோருக்கும் விண்டோஸ் 11 மடிக்கணினி வருவதால், அதே கையோடு எமுலேட்டரையும் புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாம் என்று மேலாளர் சொல்கிறார். மாறினால் என்ன நன்மை, என்ன இடர் என்று இரண்டு வாரத்துக்குள் நான் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். எமுலேட்டரின் பெயரைத் தவிர்க்கிறேன். ஏனெனில் எந்த எமுலேட்டராக இருந்தாலும் என் கேள்வி இதேதான்.

விற்பனையாளர் அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்தில் கருமைத் தோற்றம், ஒரே சாளரத்தில் பல டேப்கள், பெரிய ஐகான்கள் ஆகியவை இருக்கின்றன. பிறந்தது முதலே கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்தாக வாழ்ந்துவரும் ஒரு திரைக்குக் கருமைத் தோற்றத்தைப் புதுமையாக அறிவித்திருப்பதைக் கண்டு எங்கள் குழுவின் மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். மறையாக்கம், 64 பிட் இடைமுகம், கோட் பேஜ் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை), விசைப்பலகை ஆகியவற்றைப் பற்றிய வரிகள் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கின்றன. இவற்றில் எவை அன்றாட வேலையை உண்மையில் மாற்றும் என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குக் காரணம் ஒரு சிறு விபத்து. எங்களிடம் மைக்ரோசாஃப்டின் விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய மேக்ரோக்கள் (நமக்குப் பதில் திரையில் விசைகளைத் தட்டும் சிறு நிரல்கள்) 140 வரை இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் இப்போது குழுவில் இல்லை. சோதனைக்காகப் புதிய பதிப்பை இரண்டு கணினிகளில் நிறுவி, பாலிசி விவரம் தேடும் மேக்ரோவை ஓட்டினோம். மெனுவில் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்து, விசைப்பலகை திறக்கும்வரை காத்திருந்து, அடுத்த திரையில் பாலிசி எண்ணை இடுவதுதான் அதன் வேலை. பழைய பதிப்பில் எட்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாத அந்த மேக்ரோ, புதியதில் பத்து முறைக்கு நான்கு முறை பாலிசி எண்ணே இல்லாமல் என்டரை அழுத்தியது. ‘பாலிசி எண் தேவை’ என்று திரை திரும்பி வந்தது. நல்லவேளையாக அது சோதனைத் தளம். புதிய பதிப்பில் பிழை இருக்கிறது என்று குறிப்பில் எழுதிவிடலாமா, அல்லது எங்கள் பக்கம்தான் ஏதேனும் குறையா?

பழைய_சிஸ்ப்ரோக் எழுதியது:

இரவுப்பணி அவர்களுக்கு வணக்கம். மேக்ரோ விவகாரத்தை அதில் கைதேர்ந்தவர்களிடம் விட்டுவிட்டு, நான் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்துக்கு வருகிறேன். உங்கள் குறிப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

3270 என்பது ஐபிஎம் 1971-இல் வெளியிட்ட முனைய வரிசை. அன்று திரைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே கோஆக்சியல் கம்பி ஓடியது. கம்பியை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். பின்னர் அதே தரவோட்டம் டெல்நெட் என்னும் தொலை இணைப்பு நெறிமுறையின் மேல் ஏறி டிஎன்3270 ஆயிற்று. அதன் விரிவான டிஎன்3270இ வடிவத்தை 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2355 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் வரையறுக்கிறது. டெல்நெட் தன்னளவில் எதையும் மறைப்பதில்லை. 23-ஆம் போர்ட்டில் மறையாக்கம் இன்றிப் போகும் செஷனில் (ஹோஸ்டுடனான இணைப்பில்) உங்கள் கடவுச்சொல், மெயின்ஃப்ரேமின் எழுத்துக் குறியீடான ஈபிசிடிக்கில், வெறும் எழுத்துகளாகப் போகிறது, அவ்வளவுதான்; ஈபிசிடிக்கை மறைமொழி என்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு தணிக்கையாளரை நானே சந்தித்திருக்கிறேன்.

பத்து ஆண்டுப் பழைய எமுலேட்டர்களில் பல, மறையாக்கத்துக்குத் தம்முடனே ஒரு நூலகத்தைச் சுமந்து வந்தன. அந்த நூலகம் டிஎல்எஸ் என்னும் மறையாக்க நெறிமுறையின் 1.0 பதிப்புடன் நின்றுவிட்டால் எமுலேட்டரும் அங்கேயே நின்றுவிடும். அட்டைத் தரவைக் கையாளும் இடங்களில் பழைய டிஎல்எஸ்ஸை 2018 ஜூன் 30-க்குள் விட்டுவிட வேண்டும் என்று பிசிஐ என்னும் கட்டண அட்டைத் துறையின் பாதுகாப்பு விதி சொன்னது. 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் முறைப்படி ஓய்வுக்கு அனுப்பியது. உங்கள் வாடிக்கையாளர் ஹோஸ்ட் (மெயின்ஃப்ரேம்) பக்கத்தில், இணைப்புகளின் மறையாக்கத்தை நிர்வகிக்கும் ஏடி-டிஎல்எஸ் கொள்கையில் ஒரு வரியை மாற்றினால் போதும், பழைய எமுலேட்டர் ஒன்றுகூட இணையாது. அந்த மாற்றத்துக்கு சிஐசிஎஸ் நிரலையோ டிஎஸ்ஓவையோ தொட வேண்டியதில்லை. டிசிபி அடுக்கிலேயே மறையாக்கம் நடந்துவிடுவதால், ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் அதைச் செய்துவிட முடியும். ஆகவே மாறுவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இருக்கும் வரைதான் அது உங்கள் முடிவு.

அடுத்து சான்றிதழ். பழைய எமுலேட்டர்களில் பல, சர்வர் தரும் சான்றிதழை வாங்கிக்கொள்ளும். அதில் எழுதியிருக்கும் பெயரும் தாம் இணைந்த முகவரியும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லை. இன்றைய பதிப்புகள் பார்க்கின்றன. இது நல்ல மாற்றம். ஆனால் மாறும் நாளில் முதலில் உடைவதும் இதுதான். பழைய செஷன் கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஹோஸ்ட் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்றோ ஒருவர் ஐபி எண்ணை இட்டிருப்பார், அதை நகலெடுத்தே மற்றவர்களும் பயன்படுத்தியிருப்பார்கள். சான்றிதழ் டிஎன்எஸ் பெயருக்கு வழங்கப்பட்டிருந்தால் புதிய எமுலேட்டர் இணைப்பை மறுக்கும். அந்தச் சமயத்தில் ‘சரிபார்ப்பை நிறுத்து’ என்னும் பெட்டியில் டிக் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டியில் டிக் இருந்தால் தரவு மறைந்துதான் போகும், ஆனால் யாரிடம் போகிறது என்பது தெரியாது. ஐபி எண்ணைப் பெயராக மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை.

எல்யூ பெயரையும் (ஒரு முனையத்தையோ அச்சுப்பொறியையோ ஹோஸ்ட் அடையாளம் காணும் பெயர்) மறக்க வேண்டாம். டிஎன்3270இ-யில் ஒரு செஷன் தனக்கு இன்ன எல்யூ வேண்டும் என்று கேட்டு வாங்க முடியும். செஷன் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும்போது அந்தப் பெயர் விடுபட்டால், சர்வர் பொதுத் தொகுப்பிலிருந்து ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடும். திரை வழக்கம்போல் வரும். அச்சுப்பொறி மட்டும் வேறெங்கோ அச்சிடும், அல்லது முனையத்தை வைத்து அனுமதி கொடுக்கும் பரிவர்த்தனை ஒன்று காரணம் புரியாமல் மறுக்கும்.

நிரலி எழுதியது:

வணக்கம். மேக்ரோ பற்றி நான் சொல்கிறேன். பத்து ஆண்டுகளாகத் திரையைச் சுரண்டித்தான் (திரையில் தெரிவதை நிரலால் படித்துத்தான்) பிழைப்பு நடத்துகிறேன்.

இது புதிய பதிப்பின் பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் மெனுத் திரைக்கும் பாலிசித் திரைக்கும் இடையே ‘காத்திருக்கவும்’ என்பது போன்ற ஓர் இடைத்திரை கண்சிமிட்டும் நேரத்தில் வந்து போகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் கதை இப்படித்தான் இருக்கும்.

3270-இல் என்டரையோ பிஎஃப் (செயல்) விசையையோ அழுத்தியதும் விசைப்பலகை பூட்டிக்கொள்கிறது. அதைத் திறப்பது ஹோஸ்ட். அது அனுப்பும் ஒவ்வொரு எழுதுகட்டளையிலும் ஒரு கட்டுப்பாட்டு பைட் இருக்கிறது, அதில் ஒரு பிட் ‘விசைப்பலகையைத் திற’ என்கிறது. சிஐசிஎஸ் நிரலில் திரை வடிவத்தை (மேப்) அனுப்பும் சென்ட் மேப் கட்டளையோடு ஃப்ரீகேபி என்று எழுதினால் அந்த பிட் போகும். நிரலாளர் இடைத்திரைக்கும் ஃப்ரீகேபி கொடுத்திருப்பார்; பிறகு முழுத் திரையை அழித்து எழுதும்போது மீண்டும் ஃப்ரீகேபி. ஆகவே விசைப்பலகை இரண்டு முறை திறக்கிறது. மேக்ரோ முதல் திறப்பைக் கண்டு, இடைத்திரையில் இருக்கும் ஏதோ ஒரு புலத்தில் பாலிசி எண்ணை இடுகிறது. அடுத்த கணம் முழுத் திரை வந்து எல்லாவற்றையும் துடைக்கிறது. மேக்ரோ அறியாமல் என்டர் அடிக்கிறது. பழைய பதிப்பு திரையை வரைய எடுத்துக்கொண்ட தாமதத்தில் இரண்டு திரைகளும் வந்து முடிந்துவிட்டன. மேக்ரோ விழித்துப் பார்த்தபோது சரியான திரை எதிரே நின்றது. எட்டு ஆண்டுகள் அது சரியாக ஓடியது தற்செயல். புதிய பதிப்பு விரைவாக இருப்பதால் குட்டு வெளிப்பட்டது.

முறையான திருத்தம் ஹோஸ்டில்தான்: முதல் சென்ட் மேப்பிலிருந்து ஃப்ரீகேபியை நீக்குவது. மேப் வரையறையின் கன்ட்ரோல் அளவுருவிலும் அது ஒளிந்திருக்கலாம், அங்கும் பாருங்கள். ஆனால் வாடிக்கையாளரின் நிரலில் ஒரு சொல்லை நீக்க எத்தனை ஒப்புதல்கள் வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதுவரை மேக்ரோவில், ‘விசைப்பலகை திறந்ததா’ என்பதோடு நிற்காமல், ‘நான் எதிர்பார்க்கும் திரை வந்துவிட்டதா’ என்று கேளுங்கள். தலைப்பு வரியில் ஒரு குறிப்பிட்ட சொல் இருக்கிறதா, கர்சர் பாலிசி எண் புலத்தின் முதல் இடத்தில் நிற்கிறதா என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தவறாது. இரண்டு விநாடி தூங்கச் சொல்லும் வரியை மட்டும் சேர்க்காதீர்கள். அது மாத இறுதியில், ஹோஸ்ட் மூச்சு வாங்கும் நேரத்தில், உங்களைக் கைவிடும்.

புதிய எமுலேட்டர்களில் நான் உண்மையான முன்னேற்றம் என்று சொல்வது இந்தக் காத்திருப்புக் கட்டளைகளைத்தான். எக்ஸ்3270 குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் ஜார்ஜியா டெக்கில் தொடங்கி, 1993 முதல் பால் மேட்டிஸ் வளர்த்துவரும் திறமூல மென்பொருள் அது. அதன் திரையில்லாத வடிவமான எஸ்3270 ஒவ்வொரு கட்டளைக்கும் பின் ஒரு நிலைவரியைத் திருப்பித் தரும்; அதன் முதல் எழுத்து யு என்றால் விசைப்பலகை திறந்திருக்கிறது, எல் என்றால் பூட்டியிருக்கிறது, ஈ என்றால் ஆப்பரேட்டர் பிழை. முன்பு அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் எழுதினோம். இப்போதைய 4 வரிசைப் பதிப்புகளில் இன்ன இடத்தில் கர்சர் வரும்வரை, இன்ன இடத்தில் இன்ன சரம் வரும்வரை என்று நேராகவே காத்திருக்கச் சொல்லலாம். கர்சரை நகர்த்தும் பழைய கட்டளை வரிசையையும் நெடுவரிசையையும் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஒன்றிலிருந்து எண்ணும் கட்டளையும் இப்போது தனியே இருக்கிறது. இது அற்பமாகத் தோன்றும். ஒன்று குறைந்ததால் ஒரு புலத்தின் முன்னால் இருக்கும், எதையும் எழுத முடியாத பண்பு பைட்டின் மேல் கர்சர் நின்று, விசைப்பலகை பூட்டிக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நெறிமுறை அளவிலும் ஒரு வழி உண்டு. கன்டென்ஷன் ரெசல்யூஷன் என்ற டிஎன்3270இ நீட்சியை இரு பக்கமும் ஏற்றுக்கொண்டால், ஹோஸ்டின் முறை உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதை சர்வர் வெளிப்படையாகவே தெரிவிக்கும். மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸின் டெல்நெட் சர்வர் அதை அறியும். உங்கள் எமுலேட்டர் இணையும்போது அந்தப் பெயர் பேச்சுவார்த்தையில் வருகிறதா என்று டிரேஸில் (இணைப்பில் போய்வந்தவற்றின் பதிவில்) தேடுங்கள்.

இறுதியாக, குறிப்பில் தடித்த எழுத்தில் எழுத வேண்டியது இது: விபிஸ்கிரிப்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஓய்வு அறிவித்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது வேண்டும்போது நிறுவும் கூறாக மாறியிருக்கிறது. இப்போதைக்கு இயல்பாகவே இயங்கும். 2027 வாக்கில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும், பின்னர் முழுவதும் போய்விடும் என்பது அவர்கள் 2024-இல் சொன்ன காலவரிசை. எந்த எமுலேட்டரின் எந்தப் பதிப்பை வாங்கினாலும், 140 மேக்ரோக்களையும் ஒரு முறை வேறு மொழியில் எழுதித்தான் ஆக வேண்டும். புதிய பதிப்பில் விபிஸ்கிரிப்டுக்கு மாற்றாக என்ன தருகிறார்கள் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இருபத்தைந்தாம்_வரி எழுதியது:

நிரலி அவர்கள் சொன்ன அனைத்தும் சரி. ஆனால் எக்ஸ்3270-ஐ அறுபது பேருக்கும் கொடுத்துவிடலாம் என்று யாரேனும் படித்துவிடப் போகிறார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸில் அதன் வடிவம் கன்சோல் சாளரத்தில் ஓடுவது. சிலருக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் எக்செல் கோப்பிலிருந்து எச்எல்எல்ஏபிஐ என்னும் நிரல் இடைமுகம் வழியாகத் திரையைத் தொடும் பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால், அந்த இடைமுகத்தை அது தருவதில்லை. அப்படிப்பட்ட கோப்புகள் இருக்கின்றனவா?

இருந்தால், 64 பிட் பற்றிய வரி உங்களுக்கு மிக முக்கியம். 2019 முதல் ஆஃபீஸ் இயல்பாகவே 64 பிட்டாக நிறுவப்படுகிறது. 64 பிட் எக்செலால் 32 பிட் டிஎல்எல்லை (நிரல் நூலகக் கோப்பை) ஏற்ற முடியாது. புதிய மடிக்கணினியில் பழைய கோப்பைத் திறந்ததும், மேக்ரோவில் டிஎல்எல்லை அறிவிக்கும் வரியிலேயே தொகுப்புப் பிழை வரும். அதில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்த்தால் பிழை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவே. டிஎல்எல்லும் 64 பிட்டாக இருந்தால்தான் வேலை நடக்கும். புதிய எமுலேட்டர் 64 பிட் டிஎல்எல்லைத் தருகிறதா, அதன் பெயர் என்ன என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் தர்க்கத்தைத் தொட வேண்டியதில்லை. 1 என்றால் இணை, 3 என்றால் விசை அனுப்பு, 4 என்றால் காத்திரு, 8 என்றால் திரையின் ஒரு பகுதியைச் சரமாக எடு என்ற செயல் எண்களும், அட் குறியோடு ஈ சேர்த்தால் என்டர் என்ற மரபும் அப்படியே இருக்கின்றன.

இனி என் விருப்பமான பொருள்: திரை. 24 வரி, 80 நெடுவரிசை என்ற இரண்டாம் மாடலிலேயே பலர் ஆயுள் முழுவதும் வாழ்ந்துவிடுகிறார்கள். மூன்றாம் மாடல் 32 வரி, நான்காவது 43 வரி, ஐந்தாவது 27 வரியும் 132 நெடுவரிசையும். டிஎஸ்ஓவின் மெனுக்களையும் எடிட்டரையும் தரும் ஐஎஸ்பிஎஃப் 62 வரி, 160 நெடுவரிசை வரை ஏற்றுக்கொள்ளும். 132 நெடுவரிசையில் எஸ்டிஎஸ்எஃப் (ஹோஸ்டில் ஓடும் வேலைகளின் பட்டியலைக் காட்டும் திரை) திறந்து பார்த்தவர்கள் திரும்ப 80-க்குப் போக மாட்டார்கள். வேலையின் பெயருக்கும் முடிவுக் குறியீட்டுக்கும் இடையே பிஎஃப்11 அழுத்தி வலப்புறம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் எமுலேட்டரில் அளவை மாற்றினால் மட்டும் போதாது. ஹோஸ்டின் பிணைய மென்பொருளான விடிஏஎம் பக்கத்தில், திரையின் அளவைக் கேட்டறியும் லாக்மோட் (செஷன் அமைப்பு) வேண்டும். ஐஎஸ்பிஎஃப் அமைப்புகளில், அதாவது தெரிவு 0-வில், திரை வடிவம் என்ற இடத்தில் மேக்ஸ் என்று வைக்க வேண்டும். உங்கள் காப்பீட்டுத் திரைகள் 24-க்கு 80 என்ற அளவில் பிஎம்எஸ் (சிஐசிஎஸ்ஸின் திரை வரையறை) மேப்பாக எழுதப்பட்டவை என்றால் அவை அப்படியே சிறியதாகத்தான் வரும். அதற்கு எந்தப் புதிய பதிப்பும் மருந்தல்ல.

ஒட்டுவதிலும் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. நோட்பேடிலிருந்து பத்து வரியை ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் ஒட்டினால், பழைய எமுலேட்டரில் இரண்டாம் வரி இடப்புற வரி எண் பகுதியில் போய் விழும். அது வரிக்கட்டளைப் பகுதி என்பதால், உரையின் முதல் எழுத்து டி-யாக இருந்தால் அந்த வரியே அழிந்துபோகும் நிலை. புதியவற்றில் கர்சர் இருந்த நெடுவரிசையையே இடது ஓரமாகக் கொண்டு ஒட்டும் வசதி இருக்கிறது. விற்பனையாளர் அறிக்கையில் இதற்கு அரை வரி ஒதுக்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால் டேப்களைவிட இது பத்து மடங்கு பெரியது.

கோட் பேஜ் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய செஷனில் 037 இருந்து, புதியதில் இயல்பாக 1047 வந்துவிட்டால் (அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால்), எழுத்துகளும் எண்களும் ஒரு குறையும் இல்லாமல் தெரியும். சதுர அடைப்புக்குறிகளும் இன்னும் சில குறிகளும் மட்டும் வேறெதாகவோ மாறும். 037-இல் சதுர அடைப்புக்குறிகள் பிஏ, பிபி என்ற பதினாறடிமான எண்களில் இருக்கின்றன. 1047-இல் ஏடி, பிடி. சி நிரலோ ரெக்ஸ் நிரலில் ‘இல்லை’ குறியோ பயன்படுத்துபவர்கள் முதலில் மாட்டுவார்கள், ஏனென்றால் மேல்நோக்கிய கூர்க்குறியும் ‘இல்லை’ குறியும் இந்த இரண்டு பக்கங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தவறாகத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை. தவறாகத் தெரிகிறதே என்று நீங்கள் ‘திருத்தி’ சேமித்தீர்களானால், அதுவரை சரியாக இருந்த மூலநிரல் அப்போதுதான் கெடும். ஆகவே எழுத்துகளின் பதினாறடிமான எண்களைக் காட்டும் ஹெக்ஸ் ஆன் கட்டளை கொடுத்துப் பார்க்காமல் எந்த அடைப்புக்குறியையும் தொடாதீர்கள்.

விசைப்பலகையில் இப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. 3270 விசைப்பலகையில் என்டர் இருந்த இடம் வலது கீழ் மூலை. அதனால் பல எமுலேட்டர்களில் வலது கன்ட்ரோல்தான் என்டர். நாம் என்டர் என்று அழைக்கும் பெரிய விசை அடுத்த வரிக்கு மட்டும் போகும். இடது கன்ட்ரோல் ரீசெட். முப்பது ஆண்டுகளாகக் கை பழகிய வழக்கம் இது. 2024-இல் மைக்ரோசாஃப்ட் கோபைலட் விசையை அறிவித்த பிறகு, சில புதிய மடிக்கணினிகளில் வலது கன்ட்ரோல் இருந்த இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் குழுவின் மூத்தவர் பாலிசியைத் தேட என்டர் அடித்தால் ஒரு உரையாடல் உதவியாளர் வந்து நிற்கும். புதிய மடிக்கணினியின் மாதிரியைப் பார்த்துவிட்டு விசை அமைப்புக் கோப்பை முன்கூட்டியே தயாரியுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்; இதற்கிடையே சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

நிரலி அவர்கள் ஊகித்தது அச்சு அசலாக உண்மை. டிரேஸை எடுத்துப் பார்த்தபோது மெனுவுக்குப் பிறகு இரண்டு எழுதுகட்டளைகள் வருகின்றன. இரண்டிலும் விசைப்பலகையைத் திறக்கும் பிட் இருக்கிறது. இடையே ஒரு விநாடியில் கால் பங்குகூட இல்லை. கண்ணால் அந்த இடைத்திரையை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. மேக்ரோவில் தலைப்புச் சொல்லையும் கர்சர் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் கேட்டபின் இருநூறு முறை ஓட்டினோம், ஒரு முறைகூடத் தவறவில்லை. மற்ற மேக்ரோக்களைத் தேடியதில், விநாடிக் கணக்கில் தூங்கும் வரி 52-இல் இருந்தது. ஒன்றில் ‘இதை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை, ஆனால் எடுத்தால் உடைகிறது’ என்று ஒரு குறிப்புரையே இருந்தது.

செஷன் கோப்புகளில் அறுபதுக்கு 41-இல் ஐபி எண். அனைத்தும் ஒரே தவறான இடைவெளியோடு இருந்ததால் ஒரே கோப்பிலிருந்து பிறந்தவை என்பது தெளிவு. எல்யூ பெயர் ஆறு பேரிடம் மட்டுமே இருந்தது. அந்த ஆறு பேரும் அச்சு வேலையைப் பார்ப்பவர்கள்.

எச்எல்எல்ஏபிஐ பயன்படுத்தும் எக்செல் கோப்புகள் மூன்று கிடைத்தன. கன்டென்ஷன் ரெசல்யூஷன் எங்கள் இணைப்பில் பேசப்படவில்லை. அது எமுலேட்டர் கேட்காததாலா, சர்வரில் அணைத்திருப்பதாலா என்று தெரிந்துகொள்வது எப்படி?

பழைய_சிஸ்ப்ரோக் எழுதியது:

டிரேஸில் டிஎன்3270இ ஃபங்ஷன்ஸ் என்ற பேச்சுவார்த்தையைப் பாருங்கள். எமுலேட்டர் அனுப்பும் பட்டியலில் அது இருந்து, சர்வர் திருப்பி அனுப்பும் பட்டியலில் இல்லை என்றால் மறுத்தது சர்வர். எமுலேட்டரின் பட்டியலிலேயே இல்லை என்றால் அமைப்புகளில் தேடுங்கள். பழைய செஷன் கோப்பை இறக்குமதி செய்யும்போது பழைய அணைப்பையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கக் கூடும். புதிதாக ஒரு வெற்று செஷனை உருவாக்கி ஒரு முறை இணைந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

41 கோப்புகளைப் பற்றி: பெயரை மாற்றும்போதே போர்ட்டையும் பாருங்கள். 23 என்று இருந்து, மறையாக்கம் ‘இயன்றால்’ என்று வைக்கப்பட்டிருந்தால், சர்வர் முன்வராதபோது எமுலேட்டர் சத்தமில்லாமல் திறந்த இணைப்புக்கே போய்விடும். ‘கட்டாயம்’ என்று மாற்றி, சர்வரில் மறையாக்கத்துக்கென ஒதுக்கிய போர்ட்டை (பெரும்பாலும் 992) வாடிக்கையாளரிடம் கேட்டு இடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

வெற்று செஷனில் பட்டியலில் வருகிறது, சர்வரும் ஏற்றுக்கொள்கிறது. இறக்குமதி செய்தவற்றில்தான் இல்லை. ஆகவே பழைய கோப்புகளை மாற்றுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு புதிய செஷனை முறையாக உருவாக்கி, எல்யூ உள்ள அந்த ஆறு பேருக்கு மட்டும் தனியாகச் செய்து, மற்றவர்களுக்கு அதையே விநியோகிக்கப் போகிறோம். இடைத்திரையின் ஃப்ரீகேபியை நீக்கும் கோரிக்கையை வாடிக்கையாளர் அடுத்த காலாண்டு வெளியீட்டில் சேர்த்திருக்கிறார். மூத்தவருக்கு வந்த மடிக்கணினியில் வலது கன்ட்ரோல் இல்லை. தனியே ஒரு யுஎஸ்பி விசைப்பலகை கேட்டு வாங்கிக்கொண்டார்.